முருங்கை மரத்தில் ஒரு வாடகை வீடு!

மூலனூரில் முருங்கைக்குப் பஞ்சமில்லை. 'மூலனூர் முருங்கை' என்று தனி ரகமே உண்டு. எந்த வேதாளத்துக்காவது வாடகை வீடு தேவைப்பட்டால் நேரே எங்க ஊருக்கு வரலாம். அட்வான்ஸ் வேண்டாமுங்க!

திடீரென்று வேதாள ஞாபகம் வரக் காரணம், 'விக்ரம் அவுர் பேதாள்'. 1985-ல் ராமானந்த் சாகர் தூர்தர்ஷனுக்காக எடுத்த இந்தித் தொடர். ராஜாவாக அருண் கோவில், வேதாளமாக சஜ்ஜன். பனியன் கம்பெனி லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்போனில் தேடிப் பிடித்து மகனுக்குக் காட்டினேன்.

பயல் பயப்படவே இல்லை. விழுந்து விழுந்து சிரித்தான். "ஏப்பா, வேதாளம் தலையில பனியன் வேஸ்ட்டையா ஒட்ட வெச்சிருக்காங்க?"

பார்த்தால் அப்படித்தான் இருந்தது! கம்ப்யூட்டர் ஜாலம் எட்டாத காலம். கையிலிருந்த காசுக்கு ஒரு வெள்ளை விக், ஒரு பேய்ச் சிரிப்பு. அவ்வளவுதான்.

இதே சாகர், இதே அருண் கோவிலை ராமராக்கி 1987-ல் 'ராமாயண்' கொண்டுவந்தார். அதில் இரண்டு அம்புகள் வானத்தில் மோதிக்கொள்வதற்குள் அம்மா காபியே போட்டுவிடுவார். வீட்டில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் புரியாமல் போனதில்லை. கதைதான் ஏற்கெனவே நம்ம கைவசம் இருக்கிறதே! 2020 ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பியபோது, ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடி பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது.

வேதாளமும் அப்படித்தான். டி.வி.க்கு முன்பே 'அம்புலிமாமா'வில் தோளில் சவமும் கையில் வாளுமாக ராஜா நடந்துகொண்டிருந்தார். வரைந்தவர் ஓவியர் கே.சி. சிவசங்கரன் என்கிற சங்கர். அந்த 'கே', தாராபுரம் தாண்டி இருக்கிற காரத்தொழுவு. நம்ம பக்கத்து ஆளுங்க! 2020-ல், 96 வயதில் மறைந்தார். மறு வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

ராத்திரி, வேதாளம் சொன்ன கதைகளில் ஒன்றை மகனுக்குச் சொன்னேன். வெட்டுப்பட்டுக் கிடக்கிறார்கள் புருஷனும் அண்ணனும். தேவி வரம் தருகிறாள். பதற்றத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது அவளுக்கு யார் புருஷன்?

சிரிப்பு நின்றது. "தலைதான்... இல்லப்பா, உடம்பு... நீயே சொல்லுப்பா!"

விக்கைப் பார்த்துச் சிரித்தவனுக்குத் தூக்கம் போச்சு. காசில்லாத தொடர்களின் ரகசியம் இதுதான். ஜாலம் திரையில் இல்லை, கேள்வியில் இருந்தது. மீதியை நாமே மண்டைக்குள் எடுத்துக்கொண்டோம், செலவில்லாமல்.

"தலைதான்" என்று ராஜா சொன்ன பதிலைச் சொன்னேன். வேதாளம் மரம் ஏறிவிட்டது.

ஏறட்டும். அப்போதுதானே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் கதை இருக்கும்!