அம்மாவின் மார்கழி

திருத்தணியில் வீடு இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு இரண்டு நாள்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று ஆடிக் கிருத்திகை, இன்னொன்று டிசம்பர் 31. இரண்டுக்கும் சொல்லாமலே வருவார்கள். ஆடிக்கு வந்தால் திண்ணையிலும் மாடியிலும் படுத்துக்கொள்வார்கள். மார்கழிக்கு வந்தால் அது நடக்காது. அத்தனை பேரும் வீட்டுக்குள்தான். பாயும் போர்வையும் பத்தாமல் அம்மாவின் பழைய பருத்திப் புடவைகள் எல்லாம் பீரோவிலிருந்து இறங்கும்.

மலைக்கு 365 படி. வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்பது ஊர்க்கணக்கு. டிசம்பர் 31 அன்று பஜனைக் கோஷ்டிகள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒவ்வொரு திருப்புகழாகப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். நள்ளிரவில் புத்தாண்டு தரிசனம். இதைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1917-ம் வருஷத்தின் கடைசி நாளில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஜனவரி முதல் தேதி பழமும் மாலையுமாக வெள்ளைக்கார துரைகளைப் போய்க் கும்பிடுவது உத்தியோகஸ்தர்களின் வழக்கம். அந்தக் கும்பிடைத் தணிகைத் துரைக்குப் போடச் சொன்னார் சுவாமிகள். துறவியாகும் முன்பு அவர் மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். இதை எங்கோ படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். "சமையக்காரரா? அப்ப அன்னிக்கு ஒரொரு வீட்லயும் எவ்ளோ பேருக்கு ஆக்கணும்னு அவருக்குத் தெரியாமையா இருந்திருக்கும்?"

மார்கழியைப் பற்றி எழுதுகிறவர்கள் கோலத்தையும் பனியையும் எழுதுவார்கள், சபாவையும் வெண்பொங்கலையும் எழுதுவார்கள். அநேகமாக அவர்கள் அந்த மாதத்தில் ஏழு மணிக்கு எழுந்தவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். எண்பதுகளில் எங்கள் வீட்டு மார்கழி நாலு மணிக்குத் தொடங்கியது. மலைக்கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்குவதற்குள் அம்மா வாசல் பெருக்கி முடித்திருப்பாள். அப்பாவுக்கு அரக்கோணத்தில் வேலை. காலை ரயிலுக்குள் டிபனும் மத்தியானச் சாப்பாடும் ஆகியிருக்க வேண்டும். விறகு அடுப்பு ஒன்று, பம்ப் ஸ்டவ் ஒன்று. கேஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எதிர்வீட்டு தெலுங்குக்கார அம்மாள் சாண உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைத்து கொப்பெம்மா என்பார். எங்கள் வாசலிலும் அதே சாணம், அதே பூ. பறிப்பதும் ஒரே கொடியில்தான். "வதினா, பூவு!" என்று அவர் குரல் கொடுத்தால் அம்மாவின் மார்கழி தொடங்கியாயிற்று என்று அர்த்தம்.

அந்த மாதத்தில் அம்மாவுக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருந்தது: கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் மொய் இல்லை, பயணம் இல்லை, பட்டுப்புடவையை நிழலில் உலர்த்தி மடிக்கிற வேலை இல்லை. மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை யாரும் அவளைக் கூப்பிடாமல் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த ரெண்டு மணி நேரத்தில் அவள் படித்தாள்.

அம்மா தமிழ் படிக்கக் கற்ற கதை தனி. பிறந்த வீடு நகரி. திருத்தணி ரயிலில் ஏறினால் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன், இறங்கினால் நகரி. அவ்வளவு பக்கம். ஆனால் மாநிலம் வேறு. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் கொடுத்த தீர்ப்பு, அதையொட்டி வந்த 1959-ம் வருஷச் சட்டம் எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி சித்தூர் ஜில்லாவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. ஆகவே கல்யாணமாகி வந்தபோது அம்மாவுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், பஸ் போர்டைப் படிக்கத் திணறுவாளாம். மாமியார் வீட்டில் போய் அரிச்சுவடியை எடுக்க முடியுமா? அவளுக்குக் கைகொடுத்தது அம்புலிமாமா.

நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947-ல் சென்னையில் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியபோது தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா என்று இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இரண்டிலும் ஒரே கதை, ஒரே படம். நகரியிலிருந்து அம்மாவின் தம்பி தெலுங்கு இதழைக் கொண்டுவருவான். திருத்தணிக் கடையில் தமிழ் இதழ் கிடைக்கும். அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். விக்கிரமாதித்தன் வாளை உருவிக்கொண்டு வேதாளத்தைத் தோளில் சுமந்து போகிற, ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தில் இரண்டு இதழையும் திறந்து, தெலுங்கில் ஒரு வரி, தமிழில் அதே வரி என்று விரலை ஓட்டுவாள். ஒரே மார்கழியில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டாள். தை பிறந்தபோது கடைத்தெருவில் சினிமா போஸ்டரைச் சத்தமாகப் படித்து அப்பாவை வெட்கப்பட வைத்தாளாம்.

அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ராணிமுத்து, லட்சுமியின் நாவல்கள், சிவசங்கரி, குமுதம், விகடன், கல்கி. அப்பா ஸ்டேஷன் கடையில் வாங்கிவருவது ஒன்று, தெருவில் கைமாறி வருவது நாலு. என்றாலும் நடு வீட்டில் உட்கார்ந்து படிக்கிற உரிமை அவளுக்கு இல்லை. "கதைப் புஸ்தகம்" என்று பாட்டி சொல்லும் தொனியிலேயே ஒரு குற்றப்பத்திரிகை இருந்தது. அதனால் அரிசி டின்னுக்குப் பின்னால் புத்தகம் இருக்கும். பால் பொங்குவதற்குள் ஒரு பத்தி, குழம்பு கொதிப்பதற்குள் ஒரு பக்கம். எந்த நாவலிலும் மஞ்சள் விரல் ரேகை படாத பக்கம் கிடையாது.

மார்கழிக் கடைசியில் போகி. பழையதைக் கழிக்கிற நாள் என்று பாட்டி வாரப் பத்திரிகைகளை எல்லாம் வாசலில் தள்ளிவிடுவாள். அதற்கு ஒரு வாரம் முன்பே அம்மா காரியத்தில் இறங்கியிருப்பாள். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிளேடால் வகுந்து எடுத்து, அத்தியாய வரிசையாக அடுக்கி, ஓரத்தில் சுத்தியலும் ஆணியும் வைத்து மூன்று ஓட்டை போட்டு, கோணி ஊசியில் சணல் கோத்து இழுத்துத் தைப்பாள். மேலே சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் அட்டை. மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலப்பாள், பூச்சி அரிக்காது. அப்படித் தைத்த ஒவ்வொரு கட்டிலும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பின்பக்கத்தில் சம்பந்தமில்லாத பாதி ஜோக்கு, முடியாத சமையல் குறிப்பு, ஏதோ நடிகையின் பேட்டியில் நடு மூன்று கேள்வி இருக்கும். அம்மா முன்பக்கம் படிக்க, பிள்ளைகள் நாங்கள் பின்பக்கம் படித்து வளர்ந்தோம். முடிவு தெரியாத ஜோக்குகள் இன்றும் சில நினைவில் இருக்கின்றன.

பொன்னியின் செல்வன் இப்படித் தைத்ததில்லை. அது இன்னொரு வீட்டிலிருந்து வந்த பழைய பைண்டு. 1950-லிருந்து 54 வரை கல்கியில் வந்தபோதே யாரோ சேர்த்துவைத்தது, மணியம் ஓவியங்களோடு. அம்மா அதை நாலு மார்கழி படித்தாள்.

தொலைக்காட்சி எங்கள் தெருவுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கிவிட்டாலும் எங்கள் தெருவில் படம் தெரிய நீளமான கம்பமும் பூஸ்டரும் வேண்டியிருந்தது. மலை மேல் காற்றடித்தால் ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, ஒருவர் ஜன்னலில் நின்று "வந்துடுச்சு, போயிடுச்சு" என்று கத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயந்திரம் படம். ராமாயணம் 1987 ஜனவரியில் தொடங்கியது. அடுத்த மார்கழிக்குள் அம்மாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தையும் தெரியாமலே முழு வசனமும் புரிந்தது. கதைதான் தெரியுமே! சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை'யை ரகுவரன் நடிக்கத் தொடராகப் போட்டபோதுதான் அவள் முதன்முதலில் திரையைப் பார்த்துச் சண்டை போட்டாள். குடித்துச் சீரழியும் தியாகுவை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள், அரிசி டின்னுக்குப் பின்னால். ஆனாலும் ரகுவரனை ஒத்துக்கொண்டாள்.

டி.வி. வந்து படிப்பைக் கெடுத்தது என்பார்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. டி.வி. வந்த பிறகுதான் அம்மா பகிரங்கமாக உட்கார்ந்தாள். புத்தகம் தனியாள் சமாசாரம், அதனால் திருட்டுத்தனம். டி.வி.யை மாமியாரும்தான் பார்க்கிறாள், யார் யாரைக் கேட்பது? பெண்கள் சீரியலில் விழுந்து கிடக்கிறார்கள் என்று 2000-க்குப் பிறகு எழுந்த புகாரும் எனக்கு அப்படித்தான் படும். மெட்டி ஒலியும் கோலங்களும் ஓடிய அரைமணி நேரம் யாருக்குக் கஷ்டமாக இருந்தது என்று பார்த்தால், தட்டை எதிரில் வைத்துக்கொண்டு தோசைக்குக் காத்திருந்தவர்களுக்குத்தான். 2006-ல் அரசு இலவச டி.வி. கொடுக்கத் தொடங்கி, எங்கள் கார்டுக்கும் ஒன்று வந்தபோது அதை அம்மா நேராகச் சமையலறை மேடைக்கு எடுத்துப் போனாள். கூடத்து டி.வி.யில் கிரிக்கெட், இதில் சீரியல். சன் டி.வி. போரடித்தால் ஜெமினி. பிறந்த வீட்டு மொழி அவளுக்கு மறக்கவில்லை.

அந்த டிசம்பர் 31-களைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. காலை பத்து மணிக்கு முதல் வண்டி ஆட்கள். சித்தப்பா குடும்பம் வேலூரிலிருந்து, அத்தை குடும்பம் திருவள்ளூரிலிருந்து. சாயந்திரம் எல்லாரும் படியேறப் போவார்கள். சின்னப் பிள்ளைகள் தூர்தர்ஷனின் புத்தாண்டு நிகழ்ச்சி பார்க்க விழித்திருப்போம். நள்ளிரவு தரிசனம் முடித்து இறங்குகிறவர்களுக்கு இரண்டு மணிக்குச் சுடச்சுட உப்புமாவும் காப்பியும். விடிந்தால் புத்தாண்டுச் சாப்பாடு, வடை பாயசத்தோடு. மலையடிவாரத்திலேயே குடியிருந்தும் அம்மா படித்திருவிழாவைப் பார்த்ததில்லை. பாட்டு மட்டும் காதில் விழும்.

இப்போது அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். அப்பா ரிட்டயர் ஆகி வீட்டோடு. நான் ஆவடியில், தங்கை திருப்பதியில். அம்மா ஐந்தரைக்கு எழுந்து, வாசலில் போட்ட சிமெண்ட் ரோட்டில் சின்னதாக ஒரு கோலம். சாணம் தேட வேண்டாம். எதிர்வீட்டு அம்மாள் இல்லை, அவர் மருமகளும் "வதினா" என்றே கூப்பிடுகிறாள், முறை தப்பு என்று தெரிந்தும். பிறகு டி.வி.யில் திருமலை தேவஸ்தானத்தின் பக்தி சேனல். மார்கழி முழுக்கத் திருமலையில் சுப்ரபாதம் கிடையாது, அதன் இடத்தில் ஆண்டாளின் திருப்பாவை. தமிழ்ப் பாட்டுக்குத் தெலுங்கில் விளக்கம் சொல்வதை அம்மா இரண்டு பக்கமும் தலையாட்டிக் கேட்பாள். அவளுக்காகவே நடத்துவதுபோல இருக்கும்.

கண்புரை அறுவை செய்த பிறகு அச்சு எழுத்து சிரமம். கல்கியும் 2020-ல் அச்சை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. பேத்தி போனில் பிரதிலிபி போட்டுக் கொடுத்து, எழுத்தை இரண்டு விரலால் பெரிசாக்கக் கற்றுக்கொடுத்தாள். படிக்கிறாள். குறையும் சொல்கிறாள்: "எல்லாம் நூத்தம்பது பாகம் போவுது. கல்யாணம் ஆனப்புறமும் கதைய நிறுத்த மாட்டேங்கறாங்க." பொன்னியின் செல்வன் படம் 2022-ல் வந்தது. அந்த மார்கழியில் ஓடிடியில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அதாவது நாங்கள் பார்த்தோம், அம்மா விட்டுப்போனதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐஸ்வர்யா ராய் அழகுதான், ஆனால் மணியம் போட்ட நந்தினியின் கொண்டை இப்படி இருக்காது என்றாள். பேத்தி உடனே போனில் தேடி மணியம் படத்தை எடுத்துக் காட்ட, சாயந்திரம் முழுக்கப் படத்தை நிறுத்தி நிறுத்திக் கொண்டை ஒப்பிட்டார்கள் பாட்டியும் பேத்தியும்.

பழைய மார்கழி போச்சே என்று என் சித்தப்பா வருஷா வருஷம் சொல்வார். அம்மாவிடம் சொன்னால், "நாலு மணிக்கு நீ எழுந்திருந்தியா?" என்பாள்.

சொந்தங்கள் இப்போதும் டிசம்பர் 31-க்கு வருகிறார்கள். காரில் வருகிறார்கள். மலைப்பாதையில் எவ்வளவு தூரம் வண்டி விடுகிறார்களோ அவ்வளவு தூரம் போய், தரிசனம் முடித்து, ஓட்டலில் சாப்பிட்டு, வீட்டுக்கு அரைமணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு பைபாஸ் ஏறிவிடுகிறார்கள். முதல் வருஷம் அம்மாவுக்கு அது ஒருமாதிரி இருந்தது. செய்துவைத்த உப்புமாவை மறுநாள் நாங்களே சாப்பிட்டோம். அடுத்த வருஷம் உப்புமா கிண்டவில்லை. அதற்கும் அடுத்த வருஷம், சாயந்திரமே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு அடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்து, கோஷ்டிகள் ஏறுவதைக் கால் வலிக்கும்வரை பார்த்தாள். போன டிசம்பரில் சித்தப்பா மகன் வழியிலிருந்து போன் பண்ணினான். பெரியம்மா, வந்துகினே இருக்கோம், ஒண்ணும் செய்யாதீங்க என்றான்.

"நான் இன்னாத்துக்கு செய்றேன்?" என்றாள் அம்மா. "வரும்போது எனக்கும் உங்க பெரியப்பாவுக்கும் ரெண்டு ரெண்டு இட்லி, ஒரு வடை பார்சல் வாங்கிகினு வந்துடுங்க. சட்னி தனியா கட்டச் சொல்லு."