ஓராண்டுக்கு மட்டும் ஆளுநர்

ஆளுநர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர், மேலிருந்து நியமிக்கப்பட்டு மாளிகையில் அமர்ந்து, சட்டமன்றம் அனுப்பும் மசோதாக்களில் கையெழுத்திடுபவர். அமெரிக்க மாநில ஆளுநர் அப்படியல்ல. இன்று அவர் மக்களின் வாக்கால் வருபவர். நம் கணக்கில் முதலமைச்சருக்கு நெருக்கமானவர். ஆனால் 1776க்கு முன்பு அங்கும் பெரும்பாலான ஆளுநர்கள் மேலிருந்து வந்தவர்கள்தாம்.

பிரிட்டிஷ் மன்னர் அனுப்பிய அந்த ஆளுநர்கள் சட்டங்களைத் தடுக்கலாம், மக்கள் தேர்ந்தெடுத்த சபையையே கலைக்கலாம். 1774 மே மாதம் வர்ஜீனியாவில் அதுதான் நடந்தது. பாஸ்டன் துறைமுகத்தை பிரிட்டன் மூடியதற்காக, ஜூன் 1 அன்று நோன்பிருந்து பிரார்த்திக்க வேண்டுமென சபை தீர்மானம் போட்டது. இரண்டே நாளில் ஆளுநர் டன்மோர் பிரபு சபையைக் கலைத்துவிட்டார். நோன்பும் துஆவும் கூட ஓர் அரசுக்கு அச்சமூட்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டு ஆண்டுகளில் விடுதலை அறிவிக்கப்பட்டது. மாநிலங்கள் தமக்கெனச் சட்டம் எழுத அமர்ந்தபோது, அந்தக் கசப்பு ஆளுநர் பதவிமீது இறங்கியது. வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, நியூ ஜெர்சி, ஜார்ஜியா ஆகிய மாநிலங்களில் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. தேர்ந்தெடுப்பதும் சட்டமன்றமே. வர்ஜீனியாவில் ஒருவர் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. இறங்கினால் நான்கு ஆண்டுகள் அந்தப் பதவிப் பக்கம் வர முடியாது. முதல் ஆளுநர் பேட்ரிக் ஹென்றி 1779இல் இப்படித்தான் இறங்கினார். 1784இல்தான் திரும்பி வந்தார். ஜார்ஜியா இன்னும் கடுமை: மூன்றாண்டில் ஓராண்டுக்கு மேல் இல்லை. பென்சில்வேனியா ஆளுநர் பதவியே வேண்டாமென்று பன்னிருவர் கொண்ட ஒரு குழுவிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. 1790இல்தான் அங்கு ஆளுநர் வந்தார்.

காலத்தைச் சுருக்கினால் போதும், கொடுங்கோன்மை வராது என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்குக்குச் சோதனை 1781இல் வந்தது.

அப்போது வர்ஜீனியாவின் ஆளுநர் தாமஸ் ஜெஃபர்சன். பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது அதிபரானவர். பிரிட்டிஷ் படை மாநிலத்துக்குள் புகுந்திருந்தது. தலைநகர் ரிச்மண்டை விட்டுச் சட்டமன்றம் சார்லட்ஸ்வில்லுக்கு இடம் மாறியிருந்தது. ஜூன் 2ஆம் தேதியோடு ஜெஃபர்சனின் ஓராண்டு முடிந்தது. மூன்றாவது ஆண்டுக்குச் சட்டம் இடம் கொடுத்தும் அவர் தொடர விரும்பவில்லை. அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதற்குள், ஜூன் 4 அன்று டார்ல்டனின் குதிரைப் படை வந்து சேர்ந்தது. ஜாக் ஜூவெட் என்பவர் இரவெல்லாம் குதிரை ஓட்டி வந்து எச்சரித்திருந்ததால் பெரும்பாலான உறுப்பினர்கள் தப்பினர், சிலர் பிடிபட்டனர். ஜெஃபர்சனும் தம் மான்டிசெல்லோ வீட்டிலிருந்து சற்று முன்புதான் வெளியேறியிருந்தார். எதிரி வாசலில் நிற்க, மாநிலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் இல்லை. ஜூன் 12 அன்றுதான் தாமஸ் நெல்சன் தேர்வானார். ஜெஃபர்சனின் நடத்தையை விசாரிக்கச் சட்டமன்றம் முடிவு செய்தது. டிசம்பரில் அவரைக் குற்றமற்றவர் என்று கூறி நன்றியும் தெரிவித்தது.

நியூயார்க் வேறு வழியில் போனது. அங்கே 1777இல் எழுதிய சட்டப்படி ஆளுநரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். காலம் மூன்று ஆண்டுகள். எத்தனை முறை என்ற வரம்பே இல்லை. போர்க்காலத்துக்கு இது உதவியது உண்மை. ஆனால் முதல் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் 1795 வரை, 18 ஆண்டுகள் தொடர்ந்து நாற்காலியில் இருந்தார். 1801இல் மறுபடி வந்து மேலும் மூன்று ஆண்டுகள். 1792 தேர்தலில் மூன்று மாவட்டங்களின் வாக்குகள் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட, அவர் 108 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. வாக்குகளை ஒதுக்கிய குழுவில் பெரும்பான்மையினர் அவர் ஆதரவாளர்கள்.

ஓராண்டுக் காலம் என்பதாலேயே ஆண்டுதோறும் ஆள் மாறினார் என்றும் இல்லை. நியூ ஜெர்சியில் வில்லியம் லிவிங்ஸ்டன் ஆண்டுதோறும் மீண்டும் தேர்வாகி, 1790இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். ஆகவே காலவரம்பைவிட, கேள்வி கேட்கும் வாசல் திறந்திருக்கிறதா என்பதே முக்கியம் என்று நாம் கருதுகிறோம். கலீஃபா உமர் (ரலி) தம் ஆளுநர்களுக்குக் காலக்கெடு வைக்கவில்லை. கூஃபாவாசிகள் புகார் சொன்னபோது, ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) போன்ற மூத்த ஸஹாபியையே பதவியிலிருந்து விலக்கினார்கள். ஆளனுப்பிப் பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரிக்கவும் செய்தார்கள்.

சரி, அமெரிக்காவில் அந்த வாசல் யாருக்குத் திறந்திருந்தது? வட கரோலினாவில் ஆளுநராக ஆயிரம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள நிலம் வேண்டும். புராட்டஸ்டன்ட் மதத்தின் உண்மையை மறுப்பவர் பொதுப்பதவி எதையும் வகிக்க முடியாது என்றும் 1776 சட்டம் சொன்னது. 1788இல் புதிய கூட்டாட்சி அரசமைப்பை ஏற்பதா என்று அதே மாநிலத்தின் மாநாடு ஹில்ஸ்பரோவில் விவாதித்தது. பதவிக்கு மதச் சோதனை கூடாது என்ற விதியைச் சுட்டி, முஸ்லிம்களும் பதவிக்கு வந்துவிடுவார்களே என்று சிலர் அஞ்சுவதாக ஹென்றி ஆபட் என்ற பாதிரியார் எடுத்துச் சொன்னார். ஒரு பிரிவினரை விலக்கத் தொடங்கினால் மதச் சுதந்திரமே போய்விடும் என்று ஜேம்ஸ் ஐரெடல் பதிலளித்தார். கூடவே, முற்றிலும் வேறான மதத்தவரை மக்கள் தேர்ந்தெடுக்கமாட்டார்கள் என்று ஆறுதலும் சொன்னார். அந்த மாநாடு அரசமைப்பை ஏற்கவில்லை; மறு ஆண்டுதான் வட கரோலினா இணைந்தது.

வருவார்களோ என்று அவர்கள் அஞ்சிய முஸ்லிம்களில் பலர் ஏற்கெனவே அந்த மண்ணில் இருந்தார்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளாக. அவர்களுக்குப் பின் வந்தவர்தான் உமர் இப்னு ஸயீத். இன்றைய செனகல் பகுதியில் பல ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். 1807இல் பிடிக்கப்பட்டு சார்ல்ஸ்டனில் விற்கப்பட்டார். கொடிய எஜமானிடமிருந்து தப்பி வட கரோலினாவில் சிறைப்பட்டு, ஜேம்ஸ் ஓவன் என்பவரின் உடைமையானார். அந்த ஜேம்ஸின் சகோதரர் ஜான் ஓவன், 1828 முதல் 1830 வரை அம்மாநிலத்தின் ஆளுநர். அப்போதும் அங்கே சட்டமன்றம்தான் ஆண்டுதோறும் ஆளுநரைத் தேர்ந்தெடுத்து வந்தது.

ஆளுநருக்கு ஓராண்டு, உமருக்கோ 1864இல் இறக்கும்வரை விடுதலை இல்லை. இடையில் கிறிஸ்தவத் திருச்சபையில் சேர்க்கப்பட்டவர் அவர். ஆனாலும் ஜான் ஓவன் பதவி இறங்கிய மறு ஆண்டு, 1831இல், தம் வாழ்க்கைக் கதையை அரபியில் எழுத அமர்ந்தபோது, முதலில் எழுதியது ஆட்சியதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று சொல்லித் தொடங்கும் ஸூரத்துல் முல்க்கை. அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.