பதிவேடு சொன்ன பாடம்

ஒரே வீட்டில் இருவருக்குத் தடிமனும் காய்ச்சலும் வருகின்றன. ஒருவர் நாலு நாளில் எழும்பி வயலுக்குப் போகிறார். மற்றவருக்கு நெஞ்சில் சளி கட்டி, நியூமோனியாவாக மாறி, ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

ஒரு வைத்தியர் தம்மிடம் வரும் நோயாளரை மட்டும் பார்த்து இதற்கு விடை காண்பது கடினம். நோய் முற்றியவரையும், நோயே வராதவரையும் பெருந்தொகையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்குக் கைகொடுப்பது நாடு முழுவதற்குமான சுகாதாரப் பதிவேடு.

டென்மார்க்கின் அனுபவம்

டென்மார்க் நாட்டில் 1968ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வழங்கப்படுகிறது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த திகதியைக் குறிக்கும். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் விபரங்கள் 1977 முதல் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு வருகின்றன. மருந்து வாங்கினாலும், இரத்தம் சோதித்தாலும் அதே எண்தான். ஆகவே வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்ட குறிப்புகளை ஓர் ஆளுக்குரியவையாக ஒன்றுசேர்க்க முடிகிறது.

அந்நாட்டின் வட பகுதியில் நியூமோனியாவுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 34,239 பேரின் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்தனர். ஒவ்வொரு நோயாளிக்கும் அதே வயதும் அதே பாலும் உடைய பத்துப் பேர் பொதுமக்களிலிருந்து தெரிவு செய்யப்பட்டனர். பின்னர் இரு பகுதியினரிலும் எவருக்குச் சீனி வருத்தம் இருந்தது எனப் பார்த்தனர்.

முடிவுகள் 2008இல் வெளிவந்தன. சீனி வருத்தம் உள்ளவர் நியூமோனியாவால் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு, அது இல்லாதவரைவிட ஏறத்தாழ 26 வீதம் கூடுதலாக இருந்தது. பத்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் வருத்தம் உள்ளவரில் இது 37 வீதம். இன்னொன்றையும் கவனியுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 7 வீதத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு 22 வீதமே கூடியது. 9 வீதமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கோ 60 வீதம் கூடியது. சீனி கட்டுப்பாடின்றி ஏறியவரிடமே ஆபத்தும் அதிகம் காணப்பட்டது.

பதிவேட்டுக்கும் குறைகள் உண்டு. புகைத்தல், வீட்டு நெருக்கடி, சாப்பாடு போன்றவை அதில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாதது கணக்கில் வராது. எண்கள் தொடர்பைக் காட்டும். காரணத்தை முற்றாக நிரூபிக்க மாட்டா.

நாம் செய்யக்கூடியது

இடம்பெயர்ந்து முகாம் முகாமாகத் திரிந்த குடும்பங்களுக்கு ஒரு துண்டுக் கடதாசி தொலைந்தால் என்ன நடக்கும் என்பது தெரியும். புதிய இடத்து வைத்தியர் எமது பழைய வருத்தத்தை அறியமாட்டார்.

ஆகவே கிளினிக் கொப்பியையும், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். மருந்தின் பெயரைப் பிள்ளைகளைக் கொண்டு வேறொரு தாளிலும் எழுதுவியுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குக் காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், நாளைக்குப் பார்ப்போம் என்று இராமல் உடனே கொண்டு செல்லுங்கள். கொப்பியும் கூடவே போகட்டும். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.