கேமரா சென்சாரில் தூசியா? எதைக் கொண்டு துடைப்பது?

தொட்டபெட்டா சிகரத்தில் நின்று எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறீர்கள். நீல வானத்தில் மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. மானிட்டரைத் துடைத்தும் போகவில்லை. அப்படியானால் தூசி கேமராவின் உள்ளே, சென்சார் மீது உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

லென்ஸைக் கழற்றி மாட்டும் எஸ்.எல்.ஆர். மற்றும் மிர்ரர்லெஸ் கேமரா வைத்திருப்போருக்குத்தான் இந்தத் தொல்லை. லென்ஸ் கழற்ற முடியாத சிறிய கேமராவையோ மொபைல் போனையோ இதற்காகத் திறக்க வேண்டாம்.

பிலிமில் இல்லாத தொல்லை

எங்கள் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960ல் தொடங்கப்பட்டு, 1967ல் உற்பத்தியை ஆரம்பித்தது. "இந்து" என்ற பெயரில் வந்த அதன் பிலிம்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். டிஜிட்டல் கேமராக்கள் பரவிய பின் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பிலிம் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் நகர்ந்து வரும். அதில் ஒட்டிய தூசியும் அதனுடன் நகர்ந்துவிடும். சென்சார் அப்படி நகர்வதில்லை. ஒரு தூசி ஒட்டினால், அதை எடுக்கும் வரை எல்லாப் படங்களிலும் தெரியும்.

சென்சாருக்கு மேல் மெல்லிய பில்ட்டர் கண்ணாடி ஒன்று உண்டு. தூசி படிவதும் நாம் துடைப்பதும் அதன் மீதுதான். அதில் கீறல் விழுந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

குன்னூரில் என் நண்பர் ஒருவர் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். அவருடைய கேமராவை ஒரு கடையில் சாதாரணப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தார்கள். பில்ட்டரில் கோடு விழுந்தது. முகூர்த்த மாதத்தில் கேமரா கோவையில் சர்வீசுக்குக் கிடக்க, அவர் வாடகைக் கேமராவுடன் அலைந்தார். எனவே எதைக் கொண்டு துடைக்கிறோம் என்பது மிக முக்கியம்.

முதலில் சோதனை

கேமராவை அபெர்ச்சர் பிரையாரிட்டி நிலையில் வைத்து, அபெர்ச்சரை எஃப் 16 அல்லது எஃப் 22 ஆக்குங்கள். ஐ.எஸ்.ஓ. 100 போதும். போகஸை மேனுவலுக்கு மாற்றி, வெள்ளைத் தாளை வேண்டுமென்றே மங்கலாகப் படம் எடுங்கள். கேமரா சற்று அசைந்தாலும் பரவாயில்லை. தூசியின் நிழல் அசையாது.

இந்தப் படத்தை இலவச சாஃப்ட்வேரான கிம்ப்பில் திறந்து, கலர்ஸ் மெனுவில் ஆட்டோ, பின்னர் ஈக்வலைஸ் தேர்ந்தெடுங்கள். ஒளிந்திருக்கும் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். படத்தில் மேலே இடப்பக்கம் தெரியும் தூசி, லென்ஸைக் கழற்றி முன்னால் இருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழே இடப்பக்கம் இருக்கும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழச் செய்வதே காரணம்.

ஒன்றிரண்டு புள்ளிகள்தான், அதுவும் எஃப் 16ல் மட்டும் தெரிகின்றன என்றால் விட்டுவிடலாம். கிம்ப்பில் உள்ள ஹீல் டூல் கொண்டு சில விநாடிகளில் அழித்துவிடலாம்.

எதை வாங்கலாம்?

கீழே உள்ள வரிசையிலேயே செல்லுங்கள். ஒன்றில் வேலை முடிந்தால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. கேமராவின் சொந்த வசதி: 2003ல் வந்த ஒலிம்பஸ் ஈ-1 கேமராவில்தான் பில்ட்டரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி முதன்முதலில் வந்தது. 2006ல் கேனான் 400டி கேமராவிலும் சென்சாரைச் சுத்தம் செய்யும் வசதி வந்தது. உங்கள் கேமரா மெனுவில் சென்சார் கிளீனிங் இருந்தால் முதலில் அதை இயக்குங்கள்.

2. ரப்பர் புளோயர்: புதியவர்கள் வாங்க வேண்டிய முதல் கருவி இதுதான். கையில் அமுக்கும் ரப்பர் பந்து பெரியதாக இருக்கட்டும். லென்ஸ் மாட்டும் வாய் தரையைப் பார்க்கும்படி கேமராவைப் பிடித்து ஊதுங்கள். தூசி கீழே விழும். புளோயரின் முனை சென்சாரைத் தொடக் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கம்ப்யூட்டர் கீபோர்டுக்குப் பயன்படுத்தும் கேன் காற்றும் வேண்டாம். உள்ளே இருக்கும் திரவம் பீய்ச்சிக் கறையாகிவிடும்.

3. சென்சார் பிரஷ்: ஊதியும் போகாத உலர்ந்த தூசிக்கு. சென்சாருக்கென்றே விற்கும் பிரஷ்ஷாக இருக்க வேண்டும். அதன் மயிரை விரலால் தொட்டால், கையில் உள்ள எண்ணெய்ப் பசை சென்சாருக்குப் போய்விடும்.

4. ஸ்வாப்பும் திரவமும்: கடைசி வழி, ஒட்டிக்கொண்ட கறைக்கு மட்டும். ஸ்வாப்பின் அகலம் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். ஏ.பி.எஸ்.-சி சென்சாருக்குச் சுமார் 16 மி.மீ., முழு பிரேம் சென்சாருக்கு 24 மி.மீ. இரண்டு மூன்று சொட்டு போதும். ஒரு பக்கத்தால் ஒரே இழுப்பு, மறுபக்கத்தால் திரும்ப ஒரு இழுப்பு, பிறகு எறிந்துவிடுங்கள். இந்தத் திரவங்களில் சில மெத்தனால் கொண்டவை. தீப்பற்றும், விஷமும் கூட. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

ஊதும் முன்பும் துடைக்கும் முன்பும் பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்திடுங்கள். எஸ்.எல்.ஆர். கேமராவில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதி மெனுவில் இருக்கும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் கண்ணாடி கீழிறங்கி, உள்ளே இருக்கும் கருவியின் மீது மோதும். மிர்ரர்லெஸ் கேமராவில் சென்சாரே அசையும் வகையும் உண்டு. அதற்கு மேனுவலில் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

மலையில் இருப்போருக்கு

நீலகிரியில் தூசியைவிடப் பனிமூட்டம்தான் பெரிய எதிரி. மூட்டத்தில் லென்ஸ் மாற்றினால் நீர்த்துளி உள்ளே படிந்து, காய்ந்தபின் கறையாக நிற்கும். அதைப் புளோயரால் போக்க முடியாது. குளிரில் இருந்து வீட்டுக்குள் வந்ததும் கேமராவைப் பையில் இருந்து எடுக்காமல் சற்று நேரம் விடுங்கள். பையில் சிலிகா ஜெல் பாக்கெட் இருக்கட்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இடத்தில் பஞ்சு போலத் தும்பு பறக்கும். மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயிலில் நீராவி எஞ்சினின் புகை வரும். இந்த இடங்களில் எந்த லென்ஸ் வேண்டும் என்று முன்பே முடிவு செய்து, மாட்டிக்கொண்டு போய்விடுங்கள். வெளியில் மாற்றியே ஆக வேண்டும் என்றால் கேமராவை அணைத்து, வாய் கீழே பார்க்க, காற்றுக்கு முதுகு காட்டி மாற்றுங்கள்.

புளோயர் ஒன்று வாங்கிக் கேமரா பையிலேயே போட்டுவையுங்கள். அதற்கும் போகாத கறை என்றால், கைப்பழக்கம் வரும் வரை கேமரா நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிடம் கொடுப்பதே நல்லது.