இளநீர் மட்டையைத் தின்னுமா சிப்பிக்காளான்?

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை வழியாகத் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், கோடையில் சாலையோர இளநீர் மட்டைக் குவியல்களைப் பார்க்காமல் போக முடியாது. மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்கிறது. காய்ந்தால் யாராவது தீ வைத்துவிடுகிறார்கள். காய்கறிக் கழிவு சில வாரங்களில் மக்கிவிடுகிறது. மட்டை மட்டும் மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பது ஏன்?

காரணம் லிக்னின். தாவரத்தின் இழைகள் செல்லுலோஸால் ஆனவை. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் சர்க்கரை நீளமாகக் கோத்துக்கொண்ட வடிவம்தான். செங்கல்லுக்கிடையே பூசிய சிமென்ட் போல லிக்னின் அந்த இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தென்னை நார்க்கழிவில் அது ஏறக்குறைய 30 சதவீதம். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இதனிடம் தோற்றுவிடுகின்றன. வெல்லத் தெரிந்தவை சில பூஞ்சைகள்.

பூஞ்சைகளில் இரண்டு குடும்பக் கதைகள் உண்டு. முதலாவது, நம் விவசாயிகள் விதை நேர்த்திக்குப் பயன்படுத்தும் ட்ரைக்கோடெர்மாவின் உறவுக்காரப் பூஞ்சை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணிகள் இற்றுப்போயின. அந்தத் துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையை எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். முதலில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்று கருதப்பட்ட அதற்கு 1977இல் ரீஸைப் பெருமைப்படுத்தும் விதமாக ட்ரைக்கோடெர்மா ரீஸை என்று பெயர் சூட்டினார்கள். அதன் நொதிகளில் ஒன்று செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு சர்க்கரையாகக் கழற்றும். மூன்றாவது அந்த ஜோடியையும் பிரித்துக் குளுக்கோஸாக்கும். இன்று உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் வாங்கும் செல்லுலேஸ் நொதியில் பெரும்பங்கு இந்த வம்சத்துச் சரக்கு. ஆனால் லிக்னினைக் கண்டால் இதற்கும் திணறல்தான்.

ஆகவே வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகள் அதை முதலில் வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் பதப்படுத்தி, பிறகே நொதியை விடுகின்றன. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் தொடங்கிய ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்காக 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் ஒரு புறநகர்ப் பஞ்சாயத்துக்கு இது ஆகிற காரியமா?

ஆகிற காரியம் கோவையில் இருக்கிறது. இதுதான் இரண்டாவது கதை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நார்க்கழிவின் மேல் சிப்பிக்காளானை ஏவிவிட்டது. நாம் குழம்பு வைக்கிற அதே காளான்தான்; அதுவும் ஒரு பூஞ்சையே. லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து லிக்னினை உடைத்துவிடும். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி காளான் வித்து. அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓரிரு மாதங்களில் கறுத்து மக்கிவிடுகிறது. 30 சதவீத லிக்னின் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குவதாகவும், கரி–தழைச்சத்து விகிதம் 112:1இலிருந்து 24:1 ஆகக் குறைவதாகவும் பல்கலைக்கழகம் சொல்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து, மழையில் கறுப்புச் சாறு வடிந்து நிலத்தடி நீரைக் கெடுக்கிற பொருளை இப்படி உரமாக்க முடிகிறது.

இளநீர் மட்டையில் ஒரு கூடுதல் வேலை உண்டு. முழுசாகப் போட்டால் பூஞ்சை உள்ளே ஏறாது. துருவலாக அரைக்க வேண்டும். லேத் பட்டறைகளும் ஃபேப்ரிகேஷன் கூடங்களும் உள்ள திருமுடிவாக்கத்துக்கு ஓர் அரைவை இயந்திரம் பெரிய விஷயமா என்ன? நொதியைப் பிரித்துப் பீப்பாயில் வாங்குவதெல்லாம் பெரிய ஆலைகளுக்கு. ஊருக்குப் பூஞ்சையே போதும் என்பது என் கட்சி. ஒரே எச்சரிக்கை: காளான் உதிர்க்கும் நுண்வித்துத் (ஸ்போர்) தூசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, குவியலைக் கிளறும்போது முகக்கவசம் அவசியம்.

குடியிருப்போர் சங்கங்களும் தொழிற்பேட்டைக்காரர்களும் சேர்ந்து ஒரு டன்னில் தொடங்கிப் பார்க்கலாம். செய்முறைக்கு, கூடுவாஞ்சேரிப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.