பழைய சர்வருக்குப் புதிய பிராசசர்: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

சரக்கு வரவு, விற்பனைப் பில், ஜி.எஸ்.டி. கணக்கு, பாக்கிப் பேரேடு என்று நம்மில் பலருடைய கடைக்கணக்கு முழுவதும் இன்று ஒரு சர்வருக்குள் இருக்கிறது. பத்து வருடம் உழைத்த சர்வர் திணறத் தொடங்கியதும், "பிராசசரை மட்டும் மாற்றினால் போதாதா?" என்ற எண்ணம் வருவது இயல்பு. எண்ணம் தவறல்ல. ஆனால் பொருந்தாத பிராசசரை வாங்கிவிட்டால் பணமும் போகும், பில் போடும் வேலையும் நிற்கும். ஆகவே கவனிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில், குறை பிராசசரில்தானா என்று பார்க்க வேண்டும். கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சி.பி.யு. 20 சதவீதத்திலும் டிஸ்க் 100 சதவீதத்திலும் நின்றால், பிராசசரை மாற்றிப் பயனில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதே வழி. சி.பி.யு.வே எந்நேரமும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

அடுத்தது சாக்கெட். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் சாக்கெட், மதர்போர்டு, பயாஸ் பதிப்பு மூன்றையும் காட்டிவிடும். 2012இல் வந்த இன்டெல் ஜியான் இ5-2600 வரிசைக்கும், 2013இல் வந்த அதன் வி2 வரிசைக்கும் சாக்கெட் எல்ஜிஏ 2011. ஆனால் 2014இல் வந்த வி3 வரிசைக்கு எல்ஜிஏ 2011-3. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்குரியது மற்றதில் உட்காராது. அழுத்திப் பொருத்தப் பார்த்தால் சாக்கெட்டின் ஊசிகள் வளைந்து மதர்போர்டே பாழாகும்.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஜியான் இ3-1200 வி5, வி6 வரிசைகளுக்கும், 2018இல் வந்த ஜியான் இ-2100 வரிசைக்கும் சாக்கெட் எல்ஜிஏ 1151தான். ஆனால் சி232, சி236 சிப்செட் உள்ள பழைய போர்டில் இ-2100 இயங்காது. எனவே விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், சர்வர் கம்பெனி நமது மாடலுக்கு வெளியிட்ட பிராசசர் பட்டியலைப் பாருங்கள். எண் முழுவதும், பின்னால் வரும் வி2 போன்ற குறியும் அப்படியே ஒத்திருக்க வேண்டும்.

பட்டியலில் இருந்தாலும், புதிய பிராசசரை அடையாளம் காண பயாஸ் பதிப்பைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். அதைப் பழைய பிராசசர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் போர்டு கெட்டுவிடலாம். யு.பி.எஸ். இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

வெப்பமும் முக்கியம். 35 வாட் செலெரான் ஜி1610டி பிராசசருடன் வந்த எச்.பி. மைக்ரோசர்வர் ஜென்8இல், பிராசசரின் ஹீட் சிங்க் மேல் தனி விசிறி கிடையாது. அதே சாக்கெட்டுக்குரிய இ3-1220 வி2 69 வாட். இ3-1265எல் வி2 45 வாட். இத்தகைய சிறிய பெட்டிக்கு வாட் குறைந்ததே நல்லது. இரண்டு பிராசசர் போடும் சர்வரானால் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

பழைய சாமான் சந்தையில் வாங்குவோர் பிராசசரின் மேற்புறத்தைப் படித்துப் பாருங்கள். மாடல் எண்ணுக்குப் பதில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்றிருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரி, வாங்க வேண்டாம். பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று: விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. பிராசசரை மாற்றுவதால் அது திரும்பி வராது. அந்நிலையில் இருப்பவர்கள் புதிய சர்வரின் விலையையும் விசாரித்துவிட்டு முடிவு செய்வதே லாபம்.

மாற்றுவது என்று முடிவானால், கணக்கு முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுவோர் 11, 20 தேதிகளை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாதிரி பார்க்காமல் நாம் ஒரு மூட்டை பருப்புகூட இறக்குவதில்லை. பிராசசருக்கும் அதே முறைதான்.