தனித்திருப்பவரும் மாரடைப்பும்

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் மூச்சை ஆழ இழுத்து விடாமல் இருமிக்கொண்டிருக்க வேண்டும், அதுவே உயிரைக் காக்கும் என்று ஒரு செய்தி, முதலில் மின்னஞ்சலிலும் பின்னர் வாட்ஸ்அப்பிலுமாக, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகைச் சுற்றி வருகிறது. அனுப்புகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த உபதேசத்தை நம்புகிறவர், உதவிக்கு ஆள் அழைக்க வேண்டிய அருமையான நிமிஷங்களை இருமியே கழித்துவிடுவார்.

செய்தி முழுக்க ஆகாயத்தில் பிறந்ததல்ல. 1976-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையில், ஹிருதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் மேஜையில் படுத்திருந்த மூன்று நோயாளிகளுக்கு நாடித் தாளம் திடீரெனக் குலைந்தபோது, அவர்கள் பலமாகத் தொடர்ந்து இருமியதனால் 24 முதல் 39 விநாடி வரை பிரக்ஞை தப்பாமல் இருந்தார்கள் என்ற விவரம் இருக்கிறது. ஆனால் அங்கே வைத்தியர் அருகிலேயே நின்றார். ஹிருதயத்தின் போக்கைக் காட்டும் கருவியும், மின்னதிர்ச்சி கொடுக்கும் சாதனமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இவற்றில் ஒன்றும் இல்லாத வீட்டில், இருமலுக்குப் பின் வரப்போகிறவர் யார்?

தவிர, மாரடைப்பு வேறு, ஹிருதயம் நின்றுபோவது வேறு. ஹிருதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்ள, மடை அடைபட்ட வயல் போல அப்பகுதித் தசை பிராணவாயு இன்றி, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் மடியத் தொடங்கி, பல மணி நேரத்தில் முற்றிலும் மடிந்துபோவதே மாரடைப்பு. இதற்கிடையில் ஹிருதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டேதான் இருக்கும். நோயாளியால் பேச முடியும், எழுந்துபோய்க் கதவைத் திறக்கவும் முடியும். ஆனால் எந்தக் கணத்திலும், விசேஷமாக முதல் ஒரு மணி நேரத்தில், தாளம் குலைந்து அவர் நினைவிழந்து சாயக்கூடும். அதன்பின் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடியது எதுவுமில்லை. ஆகையால், பிரக்ஞை உள்ளபோதே தனிமையை முடித்துக்கொள்வதுதான் தனியாக இருப்பவரின் முதல் காரியம்.

இதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் வாயு என்ற சொல்தான். நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை வைத்தாற்போன்ற அழுத்தம் உண்டாகி, இடத் தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும்போதும், நம் ஜனங்கள் ராத்திரி சாப்பிட்டதை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, ஓமத் தண்ணீரோ சோடாவோ குடித்து, ஏப்பம் வருகிறதா என்று காத்திருப்பார்கள். பெண்களுக்கும், முதியவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வலியே தெளிவாகத் தெரியாமல், மூச்சுத் திணறலும் குமட்டலும் காரணமற்ற அசதியும் மட்டுமே தோன்றுவதுண்டு என்பதால், அவர்கள் இன்னும் அதிகமாக ஏமாந்துபோகிறார்கள். அகாலத்தில் பிறரை எழுப்புவதற்குக் கூச்சம் வேறு! வாயுவாகவே இருந்துவிட்டால் நஷ்டம் ஒரு ராத்திரித் தூக்கம், அவ்வளவுதான்.

சந்தேகம் தோன்றியதுமே 108-ஐ அழைத்து, நெஞ்சுவலி என்பதையும் வீட்டின் அடையாளத்தையும் முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு வாசற் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து முழங்கால்களை மடக்கித் தரையிலேயே உட்கார்ந்துகொள்வது உத்தமம். மயங்கினாலும் விழுந்து அடிபட வேண்டியிராது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும், குடற்புண்ணோ ரத்தக்கசிவோ உள்ளவர்களும், வைத்தியர் விலக்கியிருப்பவர்களும் தவிர மற்றவர்கள், 300 மில்லிகிராம் அளவு ஆஸ்பிரினை விழுங்காமல் மென்று தின்னலாம். மென்றால் மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். 17,187 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 1988-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்த மலிவான மாத்திரையை உடனே தொடங்கி ஒரு மாதம் கொடுத்ததனாலேயே மரணங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. காய்ச்சலுக்காக வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் இதற்கு உதவாது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ, வைத்தியர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாலன்றித் தொடத்தக்கதல்ல. அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும்.

தாமே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் துணிச்சலை நான் மெச்சமாட்டேன். வழியில் நினைவு தப்பினால் அபாயம் அவரோடு நிற்காது. தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, கிராமத்துச் சுகாதார நிலையங்களிலும் முதல் தவணை மாத்திரைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. தூரத்து ஊர்களில் இருப்பவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வசிக்கும் பெரியவர்கள் ஒரு மாற்றுச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்து, உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களைக் கதவருகே எழுதி ஒட்டிவைக்கலாம். நெஞ்சில் வலி எழும்போது வயிற்றைக் கலக்குவது போலவும் தோன்றும். அப்போது குளியலறைக்குள் போனாலும், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளவே கூடாது.